வாயசைப்பு

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பாடப்போகிற பெண், மதியம் ஒத்திகை முடிந்ததும் நேராக என் சவுண்ட் மிக்ஸருக்கு வந்தாள்.

"அண்ணே, எம் மைக்கு வேலை செய்யுதா?"

"இல்லம்மா. பதிவு பண்ண பாட்டுதான் ஓடும். நீங்க வாயசைச்சா போதும்."

"நடுவுல கொஞ்சம் தொறந்து விடுவீங்களா? பேரு படிக்கணும். ஒம்போதே பேரு."

எந்த ஒன்பது பேர் என்று நான் கேட்கவில்லை. இந்த மைதானத்தைக் கட்டும்போது கூரை சரிந்து செத்தவர்கள். விபத்து என்று அரசாங்கம் ஒரே வரியில் முடித்துவிட்டது. பெயர்களை வெளியிடவே இல்லை. அவர்களில் ஒருவன் என் அறையில் மேல் கட்டிலில் படுத்தவன். அவன் குறட்டையை நான் திட்டாத நாளில்லை.

"வேல போயிடும்மா," என்றேன்.

"தெரியும்ணே. கேட்டுப் பாக்கலாம்னுதான்."

அவள் போனதும் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். கையெழுத்துப் போட்டு என்னை இந்த நாட்டுக்கு வரவழைத்தவர், இப்போது எனக்கு மேலதிகாரி.

"என்ன மாப்ள சொல்லுது அது?"

"மைக்கு வேலை செய்யுதான்னு கேட்டுச்சு."

"பாட வந்தா பாடிட்டுப் போகணும், பஞ்சாயத்து வெக்கக் கூடாது. நீ கைய மடியில வெச்சுக்க. ஒன்ன ஊருக்கு அனுப்புனா என்னையும் சேத்துத்தான் அனுப்புவான். தங்கச்சிக்கு டிக்கெட் போட்டாச்சு, அடுத்த மாசம் இங்க இருப்பா. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு மச்சான்."

ஐந்து மணிக்கு அறுபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். பாட்டை ஓடவிட்டேன். முதல் சரணம் வரை ஒழுங்காக வாயசைத்தாள். அடுத்ததில் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் குரல் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. பெரிய திரையில் மூடிய உதடுகள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு விசில். அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் பாட்டே அவளை அமுக்கியது. எத்தனையாவது பெயரில் இருக்கிறாள் என்று தெரியாமல் அந்த உதடுகளையே பார்த்தேன். மேல் கட்டில்காரன் போய்விட்டானோ? யார் காதிலும் விழாமல், இரண்டாவது தடவையும் போய்விட்டானோ?

மச்சான் படிகளில் தாவி ஓடிவந்துகொண்டிருந்தார்.

பாட்டை இறக்கி மைக்கை ஏற்றினேன். முதலில் வந்தது அவள் மூச்சு. அரங்கம் முழுக்க அந்த ஒரு மூச்சு. மச்சானின் கை என் கைமேல் விழுந்தது. வேர்த்துச் சில்லிட்டிருந்தது. அது இன்னும் மைக்கை இறக்கவில்லை.