ஐந்தாவது குழாய்

நான்கு சோதனைக் குழாய்கள் எதிர்பார்த்தபடி வெளுத்திருந்தன. ஐந்தாவது மட்டும் அடர்ந்த செம்மஞ்சளாக நின்றது.

வைட்டமின் சி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நிறம் ஏறும் சோதனை அது. கடும் மலேரியாவில் நிறம் ஏறாது. கிருமி சிவப்பணுக்களை உடைக்கும்போது சிதறும் இரும்பு, சுற்றியுள்ள திசுக்களை அரிக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றைத் தணிக்க வைட்டமின்கள் தங்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்துக் கொடுத்தே தீர்ந்துபோகின்றன. ஆரணியில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் பானுப்ரியா ஓர் ஆய்வுக்காக இதை அளந்துகொண்டிருந்தாள். நான்கு மாதிரிகள் வெளியூர்களிலிருந்து வந்தவை. ஐந்தாவது அவள் அண்ணன் ஹேமநாத்துடையது.

பட்டுப்புடவை விற்க ஒடிசா போனவன் மலேரியாவோடு திரும்பியிருந்தான். இன்று காலைதான் சேர்த்தார்கள். குழாய் மாறிவிட்டதா? லேபிளை மூன்று முறை படித்தாள். மாறவில்லை.

போன் அடித்தது. அண்ணி சிவசங்கரி.

"பானு, ஜல்தி மேல வா. கூப்ட்டா முழிக்க மாட்றாரு."

ஹேமநாத்தின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. டாக்டர் ஜெயவேல் அவன் விரலில் குத்தி மீட்டரைப் பார்த்தார்.

"சர்க்கரை நூத்தி நாப்பத்தெட்டு. அது நார்மல். யூரினும் சரியா போகல. மலேரியா மூளைக்கு ஏறிடுச்சுன்னு நெனைக்கிறேன்மா. வேலூருக்கு ஆம்புலன்ஸ் சொல்லிடறேன்."

பானு அண்ணனின் நெற்றியைத் தொட்டாள். இந்த வியர்வையும் நடுக்கமும் சர்க்கரை இறங்கியவனுடையவை. மலேரியாவில் சர்க்கரை இறங்கும். மீட்டரோ இல்லை என்கிறது. கீழே அந்தக் குழாயில் வேறு, குறைய வேண்டிய வைட்டமின் சி ஏறிக் கிடக்கிறது.

"அண்ணி, இங்க வர்றதுக்கு முன்ன எங்கனா ஊசி போட்டீங்களா?"

சிவசங்கரி முந்தானையை விரலில் சுற்றினாள். "சொன்னா சேத்துக்க மாட்டாங்களோன்னு பயம்."

"அண்ணி!"

"ஒரு கிளினிக்குல வைட்டமின் சி டிரிப்பு. நீதான சொல்லிகினு இருந்த, மலேரியாக்காரங்களுக்கு அது கொறஞ்சிடும்னு? நேத்து ஒண்ணு ஏத்துனாங்க. அப்பவும் நம்ம தறியில கஞ்சி பத்தாத பாவு நூலு கணக்கா தொவண்டு கெடந்தாரு. பாவுன்னா மறுக்கா கஞ்சி போடுவோம்ல? காத்தால இன்னொண்ணு பெருசா ஏத்தச் சொன்னேன்."

பானு டாக்டர் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். மீட்டர் பட்டையில் உள்ள நொதி, சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. மீட்டர் அந்த மின்னோட்டத்தை அளந்து, சர்க்கரை இவ்வளவு என்று காட்டுகிறது. எலக்ட்ரானைக் கொடுத்தது யார் என்று அதற்குத் தெரியாது. எலக்ட்ரானைக் கொடுப்பதுதான் வைட்டமின் சியின் தொழிலே. சிறுநீரகம் மந்தமானதால் ஏற்றியது வெளியேறவும் இல்லை.

"சார், அந்த நம்பர்ல பாதிக்கு மேல வைட்டமின் சி."

"தெரிஞ்சு சொல்றியா, யூகமா?"

"யூகம்தான் சார். நரம்புல ரத்தம் எடுத்துக் குடுங்க. நம்ம லேப் மெஷின் வேற நொதியால, ஒளிய வெச்சு அளக்குது, அது ஏமாறாது."

அவர் ரத்தத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீ ஓடு. முடிவு வர்ற வரைக்கும் நான் சும்மா நிக்கப் போறதில்ல. சிஸ்டர், டெக்ஸ்ட்ரோஸ்! சர்க்கரைய ஏத்துங்க!"

லேபில் ரத்தம் இயந்திரத்தில் சுழன்று பிரியும்வரை அவளால் உட்கார முடியவில்லை. யூகம் தப்பென்றால் அண்ணன் வேலூர் போய்ச் சேருவானா? தன் வாய்தானே இதற்கெல்லாம் காரணம்?

திரையில் எண் வந்தது. இருபத்தொன்பது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே குறைவு.

படிகளில் தாவி ஏறினாள். ஹேமநாத் கண் திறந்திருந்தான்.

"இன்னா பானு, உங்கண்ணி ஒப்பாரி வெச்சிகினு கீறா? யார் செத்தது?"

"பேஜார் புடிச்ச மனுசன்!" சிவசங்கரி அவன் தோளில் ஓர் அடி வைத்து, அந்தத் தோளிலேயே முகம் புதைத்தாள்.

பானு சொன்ன எண்ணைக் கேட்ட டாக்டர், ஆம்புலன்ஸுக்கு எடுத்த போனைப் பையில் போட்டுக்கொண்டு கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதினார்: 'விரல் மீட்டர் கூடாது. டெக்ஸ்ட்ரோஸ் தொடரவும். வைட்டமின் சி வடியும்வரை மணிக்கொரு முறை நரம்பு ரத்தம் எடுத்து, சர்க்கரையை லேபில் மட்டும் பார்க்கவும்.'