பன்னிரண்டில் ஒன்று

பத்து மணிக்கு டீ வந்தது. சூப்பர்வைசர் வல்லரசு கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். திண்டிவனத்துக்கு வெளியே இருந்த அந்த ஃபவுண்டரியில் அவ்வளவு அமைதி அபூர்வம். பைபாஸில் லாரிகள் போகும் சத்தம்கூட உள்ளே வந்தது.

அமலா சுத்தியலை எடுத்துக்கொண்டாள். முன்னால் இரண்டு மரக்கட்டைகள். பக்கத்தில், முந்தின நாள் ஊற்றிய பன்னிரண்டு லாரிச் சக்கர ஹப்புகள் கருகிய மண் அப்பியபடி குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தட்டி, ஓசையை வைத்து நல்லது எது, கெட்டது எது என்று சொல்வது அவள் வேலை. ஊற்றியவன் அவள் கணவன் சவுரிராயன்.

மக்னீசியம் போட்ட இரும்பைப் பத்து நிமிடத்துக்குள் மண் அச்சுகளில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் உறுதி போய்விடும், பார்த்தால் தெரியாது. நேற்று பாதியில், உருகிய இரும்பைத் தூக்கிவரும் கிரேன் நின்றுவிட்டது. அது திரும்ப ஓடியதும் சவுரிராயன் மீதியை ஊற்றி முடித்து, "பதினொன்னு டைமுக்குள்ள ஊத்திட்டேன் சார். கடைசி ஒன்னுதான் டவுட்டு" என்றான். ஆனால் அச்சுகளை உடைத்து உதறியபோது எல்லாம் ஒரே குவியலாகிவிட்டன. கடைசி எது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஒன்னு போயிருந்தா அவன் சொன்னது கரெக்ட்டு" என்றார் வல்லரசு. "ரெண்டு போயிருந்தா பொய் சொல்லிக்கினு இருக்கான். மண்ணு கலக்கற எடத்துக்கு அனுப்பிடுவேன். உன் வூட்டுக்காரன்னு நான் பாக்க மாட்டேன். நீயும் பாக்காத."

"பன்னெண்டு சீடருல ஒருத்தன்தான சார் கெட்டவன்? வேதத்துலயே இருக்குது" என்றாள் கிரைண்டிங் பிரிவு லூர்துமேரி. எல்லோரும் சிரித்தார்கள். அமலா சிரிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து உரித்து அவள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான் சவுரிராயன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. பதினான்கு வருடமாக அவர்களுக்குள் பேச்சைவிட மௌனம்தான் அதிகம். அது அவளுக்கு வெறுமையாக இருந்ததே இல்லை. நேற்றுதான், அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஹப்பைக் கட்டைமேல் வைத்துத் தட்டினாள். ணங்கென்று எழுந்த ஓசை நீண்டு, தேய்ந்து, அடங்கியது. அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"ஜல்தி, அமலா."

"முழுசா கேக்கணும் சார்."

ஏழாவது, தொக் என்றது. மறுபடி தட்டினாள். தொக்.

"இது போச்சு" என்று தனியே தள்ளினாள்.

இன்னும் ஐந்து இருந்தன. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கணவனை அவள் பார்க்கவில்லை. எட்டு நன்றாக ஒலித்தது. ஒன்பதும் பத்தும் அப்படியே. பதினொன்று மட்டும் சற்றுத் தாழ்ந்து ஒலித்த மாதிரி இருந்தது. சுத்தியலை இறக்கினாள். நல்லது என்று சொல்லத் துடிப்பது காதா, மனசா? ஹப்பைப் புரட்டினாள். உள்ளே ஒரு மண்கட்டி இறுகிப்போயிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு மறுபடி தட்டினாள். ணங். பன்னிரண்டாவதும் ணங்.

"ஒன்னுதான் சார்."

"நீ சொல்ற. நான் எப்டி நம்பறது?"

சவுரிராயன் முன்னால் வந்தான். ஏழாவது ஹப்பைத் திருப்பி, இரும்பு ஊற்றிய வாய்ப்பக்கம் இருந்த மண்ணைக் கையுறையால் துடைத்தான். அங்கே ஒரு பெருக்கல் குறி புடைத்துக்கொண்டு நின்றது.

"கிரேன் நின்னப்ப சும்மாதான நின்னுக்கினு இருந்தேன். கடைசி அச்சு வாயில ஆணியால கீறி வச்சேன் சார். மண்ணுல கீறுனா இரும்புல வந்துடும்."

வல்லரசு மற்ற பதினொன்றையும் துடைத்துப் பார்த்தார். எதிலும் குறி இல்லை.

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னாய்யா? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!" என்று சொல்லிவிட்டு, கம்ப்ரசரைப் போடச் சொன்னார்.

சாயங்காலம் பைக்கில் ஓமந்தூர் பக்கம் போகும்போது அமலா கேட்டாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, குறியைப் பாத்துட்டுச் சொன்னாள்னு உன்னைப் பேசுவாங்க."

"நான் தப்பா சொல்லியிருந்தா?"

"நீயா?" அவன் முதுகு குலுங்கியது, சிரிக்கிறான்.

"அப்ப நேத்து அவ்ளோ மல்லாட்டை எதுக்கு உரிச்சுக் குடுத்தீங்க?"

"பசிச்சிருக்கும்னுதான்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.