அவள் முறை

பாதிரி அங்கியின் ஏழாவது பொத்தானைப் போடும்போது ஞானபூரணிக்கு எரிச்சலாக வந்தது. போன வருடம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு போடவேண்டியிருந்த அங்கி. இப்போது அப்பாவின் மேல் தொளதொளவென்று கிடந்தது. முதுகுப் பக்கம் துணியை மடித்து ஊக்குக் குத்தினால்தான் சவப்பெட்டிக்குள் ஒழுங்காக இருக்கும். புரட்டிப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். அம்மாவைக் கூப்பிட மனம் வரவில்லை. வாசலில் பொன்ராஜ் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் நோட்டும் பென்சிலும் இருந்தன.

பொன்ராஜ் சபைக் காரியதரிசி; பாதிரியாரை ஐயர் என்று கூப்பிடுகிற சபை. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். எழுதி வைக்காதது எதுவும் நடக்கவே இல்லை என்று நினைக்கிற மனுசன்.

"டீச்சர், தப்பா நெனைக்கக் கூடாது. ஐயர் கடைசியா என்ன சொன்னாக?"

"நோட்ட வச்சுட்டு இங்கன வந்து ஒரு கை பிடிங்க."

வந்து பிடித்தார். தோளைப் பிடித்தபடியே மறுபடியும் ஆரம்பித்தார். "நீங்க ஒருத்தர்தான பக்கத்துல இருந்தது? சிவகாசி ஐயர் பிரசங்கத்துல அதச் சொல்லணும். பெறகு பத்திரிகைக்கு அனுப்பணும், கல்லுல வெட்டணும். முந்தின ஐயர் 'வாசல் தெறந்திருக்கு'ன்னு சொல்லிட்டுல்ல போனாக! வெட்டி வச்சிருக்கோம்ல."

முந்தின ஐயர், தான் குடியிருந்த குருமனை வாசல் திறந்து கிடக்கிறது, ஆடு புகுந்து கீரையைத் தின்றுவிடும் என்றுதான் புலம்பினாராம். அப்பாதான் கூட இருந்தவர். கல்லறைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைப் பார்த்து மீசைக்குள் சிரித்துக்கொள்வார். ஆனால் ஒருவரிடமும் சொன்னதில்லை, பூரணியைத் தவிர. இந்தச் சபையில் ஒருவர் கண்ணை மூடினால் என்ன நோய் என்று கேட்கமாட்டார்கள், என்ன சொல்லிவிட்டுப் போனார் என்றுதான் கேட்பார்கள். முப்பத்தாறு வருடம் பிரசங்கம் பண்ணிய தேவாசீர்வாதம் ஐயர் வாயைத் திறக்காமல் போய்விட்டார் என்றால் பொன்ராஜால் தாங்க முடியாது.

பூரணி பல்லில் கடித்திருந்த ஊக்கை எடுத்தாள். "ஆமென்னு சொன்னாக."

"ஆமென்!" பொன்ராஜின் கண் நிறைந்துவிட்டது. "ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய சாட்சி! அப்ப யாரோ ஜெபம் பண்ணியிருக்கணும்ல? நீங்கதான அங்கன இருந்தீக?"

"நாந்தான் இருந்தேன்."

அவர் நோட்டை எடுத்து எழுதினார். என்ன எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அடுத்த ஊக்கைக் குத்தினாள்.

ஐம்பத்தாறாம் வருடம் அவள் புருசன் நேசகுமார் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ஷெட் தீப்பிடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். மூன்று நாளும் பூரணி கட்டிலடியில் முழங்காலில் நின்றாள். பின்னால் நின்ற அப்பா, "கேளும்மா, கேட்டாத் தருவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் கேட்டாள். வெட்கத்தை விட்டு, நர்சுகள் பார்க்க, வாய்விட்டுக் கேட்டாள். நாலாம் நாள் காலையில் அவனைத் துணியில் சுற்றித் தந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஜெபம் பண்ணவில்லை. அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள், மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்தாள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போனாள். பள்ளியில் காலை ஜெபத்தைக்கூடப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவாள். ஆனால் வீட்டில் தள்ள ஆள் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் பாய் விரித்துக் குடும்ப ஜெபம். முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு அவள்.

முதல் நாள் அவள் முறை வந்தபோது அவள் பேசாமல் இருந்தாள். கண்ணைக்கூட மூடவில்லை. அம்மா கனைத்தாள், முழங்கையால் இடித்தாள். அப்பா மட்டும் தலை குனிந்தபடி இருந்தார். ஒருவர் நிறுத்தி நிதானமாக ஜெபம் பண்ண எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் இருந்தார். பிறகு, "ஆமென்" என்றார்.

எட்டு வருடம் அப்படியே நடந்தது. ஒரு முறை நாசரேத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா, அந்த அமைதி பொறுக்காமல் தானே ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அப்பா கண்ணைத் திறக்காமலேயே அவர் தொடையில் கை வைத்து நிறுத்தினார். "அது அவ முறை" என்றார். அம்மாதான் பொருமுவாள். "ஊருக்கெல்லாம் உபதேசம். பெத்த மக வாயத் தெறக்க மாட்டேங்கா. கேக்க ஒரு நாதியில்ல."

இன்று காலை பத்து மணி இருக்கும். அம்மா அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பூரணி, வரலம்மா" என்றார் அப்பா.

"மூச்சா? பேசாதீகப்பா."

"மூச்சு இல்ல. ஜெபம். வரமாட்டேங்கு. இன்னிக்குன்னு இல்ல. மருமகன் போனதுலேருந்தே வாய்தான் பேசுது. உள்ள ஒண்ணுமில்ல. யார்ட்டப் போய்ச் சொல்ல? நாந்தான ஐயரு."

எட்டு வருடமாகத் தான் ஒருத்திதான் வெளியே நிற்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

"நீ பண்ணு" என்றார். "இன்னிக்கு ஒரு நாள்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அவள் வகுப்பில் பேர்கூட எழுதத் தெரியாத பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று நாலு வரி சொல்லும். அதைச் சொன்னால் போதும், அவர் நிம்மதியாகப் போவார். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட்டுக் கிடக்கிற மனுசனுக்குப் பொய்யாக எப்படி நாலு வரி சொல்வது? நாக்கு அசையவில்லை. அவர் கண்ணை மூடி, தலையணையிலேயே நெற்றியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். காத்திருந்தார். வழக்கமான நேரம்.

"ஆமென்" என்றார்.

அம்மா கஞ்சியோடு வந்தபோது அவர் இல்லை.

ஒரு வரி. ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? அங்கியை நீவிவிடும்போதும், பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோகும்போதும் அதுதான் அவளை அறுத்தது. அந்த ஆமென் மன்னிப்பா, பழக்கமா, இல்லை, இவளிடம் கேட்டதே தப்பு என்று விட்டுவிட்டாரா?

அடக்கம் நாலரைக்கு. தீபாவளி சீசன், ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது. நாலு மணிக்கு முன்னால் கம்பெனிகள் ஆளை விடவில்லை. வேலைத் துணியோடேயே வந்து கோயில் நிறைய உட்கார்ந்தார்கள். வெடிமருந்து வாடை பூ வாடையை அமுக்கிவிட்டது.

சிவகாசி ஐயர் சின்ன வயசுக்காரர், குரல் கணீரென்று இருந்தது. பொன்ராஜ் கொடுத்த தாளைப் பிரித்தார். "பெற்ற மகள் ஜெபத்தில் ஏந்த, அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்லி நம் மேய்ப்பர் கடந்துபோனார். இதைவிடப் பாக்கியமான மரணம் உண்டா?" எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். பக்கத்தில் அம்மா மட்டும் திரும்பவில்லை. நேரே பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்று 'பொய்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது பூரணிக்கு. ஆனால் அவள் பொய்யை உடைத்தால், 'அவரே ஏன் ஜெபம் பண்ணவில்லை?' என்று அடுத்த கேள்வி வரும். அப்பா முப்பத்தாறு வருட ஊழியத்தில் ஒரே ஒருத்தியிடம் சொன்னதைச் சபை நடுவில் போட்டு உடைக்கவேண்டியிருக்கும். அவள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும் வெள்ளைத்தாய் வந்து அவள் கையைப் பிடித்தாள். பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒட்டாமல் பழைய பேரே நின்றுவிட்டது. எவ்வளவு துடைத்தும் விரல் இடுக்கில் வெள்ளிப்பொடி மின்னியது.

"டீச்சர், மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ஐயரை அனுப்பி வச்ச வாய். எம் பிள்ளைக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்க."

இதற்கு மேல் பூரணியால் முடியவில்லை. "எனக்கு ஜெபம் பண்ண வராது வெள்ளைத்தாயி. காலையிலயும் நான் பண்ணல. சும்மா ஒக்காந்திருந்தேன். அவுகளா ஆமென்னு சொன்னாக. பொன்ராஜ் எழுதுனது பொய்."

சொல்லிவிட்டாள். காறித் துப்பினாலும் சரி என்று நின்றாள். வெள்ளைத்தாய் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க வீட்லயும் ஐயர் அப்படித்தான டீச்சர்? எம் மவன் கருகிப்போன அன்னிக்கு எத்தன பேரு வந்தாக, என்னென்னமோ வசனம் சொன்னாக, ஒண்ணும் நெனவுல இல்ல. ஐயர் வேதத்தத் தெறக்கல. எம் பக்கத்துல வெறுந்தரையில ஒக்காந்தாக. ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தாக. பெறகு ஆமென்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாக. அதுக்குப் பெறகுதான் எனக்கு அழுகையே வந்துச்சு."

"அது எப்ப?"

"அறுபதுல. சித்திரையில." வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்தாள். வெள்ளிப்பொடி கன்னத்தில் ஒட்டியது. "அப்படி வந்து ஒக்காருங்க டீச்சர். போதும்."

அறுபது. நேசகுமார் போய் நாலு வருடம் கழித்து. உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னவர் சைக்கிளை மிதித்துப் போய் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பூரணி வெள்ளைத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாரேன்" என்றாள்.

ஆறரைக்கு வீடு காலியானது. அம்மா யாரையும் கூப்பிடாமல் விளக்கை ஏற்றினாள், பாயை உதறி விரித்தாள். அப்பா உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நெசமாவே நீ பண்ணுனியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. என்னால முடியல."

"அவுக ஆமென் சொன்னது?"

"அது நெசம். சும்மா இருந்ததுக்குத்தான் சொன்னாக."

திட்டப்போகிறாள் என்று பூரணி காத்திருந்தாள். அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "ஒன்னக் கெடுக்காகன்னு எட்டு வருசமா அவுகள ஏசுனேன்" என்றாள். "ஒரு நாளாவது திருப்பி ஒரு வார்த்த சொன்னாகளா? பாவி மனுசன்."

பிறகு தலையைக் குனிந்தாள். அவர் இல்லாததால் முதல் முறை இனி அம்மாவுடையது. சபை நடுவிலும் பெண்கள் கூட்டத்திலும் மளமளவென்று ஜெபம் பண்ணுகிறவள். "ஆண்டவரே" என்று தொடங்கினாள். அவ்வளவுதான். மறுபடியும் "ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. கை பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

பூரணிக்கு அந்த இடம் தெரியும். அவள் கனைக்கவில்லை, இடிக்கவில்லை, உதவியாக ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஒருவர் நிறுத்தி நிதானமாக ஜெபம் பண்ண எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் இருந்தாள்.

"ஆமென்" என்றாள்.

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி ஒன் முறை" என்றாள்.

பூரணி கண்ணை மூடினாள்.