மூன்றாவது விசில்

அண்ணி நீட்டிய கேசட்டைத் தேன்மொழி ஏறக்குறைய பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிய வேகத்திலேயே அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டாள்.

"ஏன் தேனு? இதத்தானே உங்க அண்ணன் கேக்கறாரு?" என்றாள் சாந்தினி. கட்டிலோரம் உட்கார்ந்து, காய்ந்துபோன கணவனின் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது கெட்டுப்போச்சு அண்ணி. பி சைடு சரியா இருக்காது. கோத்தா திங்கியில சுகு அண்ணன்கிட்ட நல்ல கேசட் ஒன்னு இருக்கு. போயி வாங்கிட்டு ஓடி வந்துர்றேன்."

"இப்பவா போற?"

கட்டிலில் கிடந்த ஹேமநாதன் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தான். நாற்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று பெர்மாஸ் ஜெயா வீட்டுக்கு அனுப்பி மூன்று நாளாகிறது. காலையிலிருந்து அவன் பேசியது நாலே வார்த்தை. "தேனு, பி சைடு போடு."

"வந்துர்றேன் அண்ணே," என்று தேன்மொழி அவன் பாதத்தைத் தொட்டுச் சொன்னாள். பாதம் சில்லிட்டிருந்தது. அதைக் கவனித்தவள் கிளம்பாமல் அங்கேயே இருந்திருக்க வேண்டும். அவள் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சுகுமாறனுக்கு வழியிலேயே மூன்று முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. இரவெல்லாம் நண்பன் பக்கத்தில் கண்விழித்துவிட்டுக் காலையில்தான் வீட்டுக்குப் போன மனிதர், அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். தெப்ராவ் நெடுஞ்சாலையில் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவளுக்காகவே காத்திருந்து எரிந்தது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை விரலால் தட்டினாள். ஏசியைக் கூட்டினாள், குறைத்தாள். பக்கத்து இருக்கையில் கிடந்த கைப்பையைப் பார்த்தாள், பார்க்காமலிருக்கப் பின் இருக்கையில் தூக்கிப் போட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழவும் முடியாது. அவளுக்கு இருபத்தேழு வருடமாக அந்த நிலைமைதான்.

தியாங் லம்பு, அதாவது விளக்குக் கம்பம், என்று ஒரு இசைக்குழு இருந்தது. தெப்ராவில் ஒரு சைக்கிள் கடை மாடியில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரே ஒரு அல்பம் போட்டார்கள். முந்நூறு கேசட். எந்த ரேடியோவும் அதைச் சீந்தவில்லை. ஒரே வருடத்தில் குழுவும் கலைந்து ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டது. ஆனால் ஹேமநாதனும் சுகுமாறனும் ரயனும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் கேசட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். யாருக்கும் தெரியாத அல்பங்களைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த ஐந்து பேருக்கும் வேலை. பிழைப்புக்குப் பார்க்கிற வேலை அதற்கு அப்புறம்தான். பிடித்த பாட்டை மட்டும் தேடிப் போடக்கூடாது, முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும், நடுவில் நிறுத்தக்கூடாது, பேசக்கூடாது. "அல்பம்னா வீடு மாதிரி. வாசல் வழியா வரணும், சன்னல் வழியா குதிக்கக்கூடாது," என்பான் ஹேமநாதன். டிசம்பர் வந்தால் பத்து அல்பம் கொண்ட பட்டியல் போடுவார்கள். ஒரு வருடம் சுகுமாறனின் உயிரான அல்பத்தை ஹேமநாதன் ஏழாவது இடத்தில் போட்டுவிட்டான். தைப்பூசம் வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவனின் கேசட்டில்தான் தேன்மொழி கைவைத்தாள். அப்போது வயது பதினான்கு. பள்ளிக் கலைவிழாவில் ஆட ஒரு சினிமாப் பாட்டு வேண்டியிருந்தது, அது ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. அண்ணனின் கேசட் மேல்முனையில், மறுபடி பதிய விடாமல் தடுக்கிற ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டினாள். பிளேயரை அம்மாவின் ரேடியோ முன்னால் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அந்தக் குழுவின் இரைச்சலுக்கு நடுவில் நாலு நிமிடம் போனால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவள் கணக்கு. அப்பா அம்மா இரண்டு பேரும் தொழிற்சாலையில். சமையலறையில் சோறு வைத்துக்கொண்டிருந்த அண்ணன் வருவது தெரிந்ததும் சட்டென்று நிறுத்தி, கேசட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தக் கேசட்டை எடுக்கிற போதெல்லாம் அவளுக்குத் துணி காயப்போட வேண்டியிருக்கும், கடைக்குப் போக வேண்டியிருக்கும். பி சைடை அவள் மறுபடி கேட்டதே இல்லை. சாகப் போகிற நேரத்தில் அதையே அவன் கேட்கும்போது, அவன் ஆசைப்பட்ட பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சினிமாப் பாட்டு கேட்டால் என்ன ஆகும்?

உலு திராம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது. அண்ணிதான்.

"எங்க இருக்க தேனு? மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சீக்கிரம் வா."

"பாதி தூரம் வந்துட்டேன் அண்ணி. வாங்கிட்டு உடனே திரும்பிர்றேன்."

"அது இல்லாட்டி பரவால்ல லா. நீ வா."

அடுத்த வளைவில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். வளைவு வந்தது. வெறுங்கையோடு போய் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தோன்றியது. வளைவு பின்னால் போய்விட்டது.

சுகுமாறன் கதவைத் திறந்தபோது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பெர்மாஸ் ஜெயாவுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். செம்பனைத் தோட்டங்களுக்கு உர லோரி ஓட்டுகிறவர். ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடம், பிரிஜ்ஜை மிதக்கவிட்டுக் கேசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆள் என்று மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

"ஹேமாவுக்கு என்னமா?" என்றார் பதறி.

"இருக்காரு. உங்க தியாங் லம்பு கேசட் வேணும் சுகு அண்ணே. பி சைடு கேக்கறாரு."

"அவன்கிட்டதான் இருக்கே."

தேன்மொழி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கலைவிழா, செல்லோடேப், ரேடியோ. இருபத்தேழு வருடம் அடக்கி வைத்தது சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. சுகுமாறன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியும்மா. எங்க எல்லாருக்கும் தெரியும்."

அவள் காடியிலிருந்து எடுத்து வந்த கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சப்ப ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தான். அப்புறம் எங்களெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு போட்டான். பி சைடுல மூணாவது பாட்டு போயிட்டே இருக்கும், பட்டுனு ரேடியோ வந்துரும். நீ பக்கத்துல முணுமுணுன்னு பாடிக்கிட்டு இருப்ப. குக்கர் விசில் ஒன்னு, ரெண்டு, மூணு. அப்புறம் என்னமோ தட்டற மாதிரி ஒரு சத்தம். உடனே இவனுங்க பாட்டு திரும்ப வந்துரும். ரயன் விழுந்து விழுந்து சிரிச்சான். ஹேமா சிரிக்கல. இதுதான் எங்க வீட்டு அல்பம்னு சொன்னான்."

"நல்ல கேசட் உங்ககிட்ட இருக்குன்னு அண்ணனுக்குத் தெரியாதா?"

"நல்லா தெரியும். எத்தன தடவ தரேன்னு சொல்லியிருப்பேன். ஒரு நாள் வாங்கிக் கேட்டுட்டு மறுநாளே திருப்பிக் குடுத்துட்டான். இதுல என்னமோ குறையுதுடான்னான். குக்கர் விசிலெல்லாம் அல்பத்துல சேருமான்னு இதுக்கே நாங்க எத்தன சண்ட போட்டிருக்கோம். சேரும்னு ஒத்தக் கால்ல நிப்பான். எப்பவும் அவன் லிஸ்ட்டுல மொத இடம் இதுதான்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "அந்தக் கேசட் இப்ப எங்க?"

தேன்மொழி கைப்பையைத் திறந்து எடுத்தாள்.

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு..." என்று தொடங்கிய சுகுமாறன், அவள் முகத்தைப் பார்த்து மிச்சத்தை விழுங்கினார். விருட்டென்று எழுந்தார். "அண்ணிக்கு அடி. போன அவன் காதுல வைக்கச் சொல்லு. நான் இங்கருந்து போடறேன்."

கேசட்டைப் பிளேயரில் போட்டு ஓடவிட்டார். மூன்றாவது பாட்டுக்கு, நாடா ஓடியதைக் காட்டும் எண் மானி நூற்று எண்பத்து மூன்றில் நிற்க வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். அங்கே நிறுத்தி, பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அண்ணியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். இந்த முறை எடுத்தார்கள். பின்னால் யாரோ சாமி பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்கள்.

"அண்ணி, போன அண்ணன் காதுல..."

"தேனு," என்றாள் சாந்தினி. அப்புறம் சாமி பாட்டு மட்டும்தான் கேட்டது. "மழையா இருக்குது. மெதுவா வா."

தேன்மொழி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுகுமாறன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

மறுநாள் மதியம் வீட்டு முன் கூடாரத்தில் பெட்டி இருந்தது. சடங்குகள் முடிந்துவிட்டன. வாய்க்கரிசி போட்டாகிவிட்டது. இரண்டு மணிக்குள் தகன மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று வண்டிக்காரர் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார். ராத்திரி முழுக்கத் தேன்மொழி உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், நாற்காலி போட்டாள், போட்ட நாற்காலியையே எடுத்து வேறு இடத்தில் போட்டாள். தன்மேல் அவளுக்கு அத்தனை வெறுப்பாக இருந்தது. அண்ணி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசியில் அவளே பக்கத்தில் போய் நின்றாள். "நான் எடுத்துட்டுப் போயிட்டேன் அண்ணி. அண்ணன் இதத்தான் கேட்டிருக்காரு."

"நீ போனதுக்கு அப்புறம் ரெண்டு தடவ கேட்டாரு," என்றாள் சாந்தினி. பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தேனு எடுத்துட்டு வரான்னேன். சரின்னாரு."

தேன்மொழி உள்ளே போய் அண்ணனின் பழைய பிளேயரை எடுத்துக்கொண்டு வந்தாள். பேட்டரியில் ஓடுவது. பெட்டியின் தலைமாட்டில் வைத்தாள்.

"இப்ப என்னம்மா பாட்டு? தூக்கற நேரம்," என்றார் மாமா காளிதாஸ்.

"போடட்டும் மாமா," என்றாள் சாந்தினி.

சுகுமாறனும் ரயனும் மற்ற இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பி சைடு முதல் பாட்டு ஓடியது. வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டும் ஓடியது. வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, சிகரெட்டை அணைத்தார். மூன்றாவது பாட்டு பாதியில் பட்டென்று அறுந்து ரேடியோ வந்தது. சின்னப் பெண் ஒருத்தி சுருதி சேராமல் கூடவே பாடினாள். முதல் விசில். சுகுமாறனின் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. இரண்டாவது விசில். மூன்றாவது.

யாரோ அடுப்பை அணைக்கும் சத்தம். அப்புறம் டப், டப் என்று தரையில் தட்டுகிற சத்தம், தூரத்திலிருந்து.

"இதான் தேனு," என்று ரயன் குனிந்து அவள் காதருகே சொன்னான். "இது என்ன சத்தம்னு உங்க அண்ணன் கடைசி வரைக்கும் எங்ககிட்ட சொல்லவே இல்ல. நான் டிரம்முன்னு சொல்வேன். சுகு அண்ணன் டேப் கோளாறுன்னு சொல்வாரு."

தேன்மொழிக்கு அது தெரியும். அண்ணனின் இடது கால் சிலிப்பர் மட்டும் வார் தளர்ந்து போய் ஒரு படி கூடுதலாக அடிக்கும். புதுசு வாங்கச் சொல்லி அம்மா வருடம் முழுக்கக் கத்துவாள். டப், டப். சமையலறை வாசல் தாண்டியாயிற்று. கூடத்துக்கு வந்தாயிற்று. இன்னும் இரண்டு எட்டு.

டக்.

பாட்டு நடுவிலிருந்து பிடித்துக்கொண்டது.

பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தார்கள். அல்பத்தில் இன்னும் இரண்டு பாட்டு பாக்கி இருந்தது. தேன்மொழி ஓடிக்கொண்டிருந்த பிளேயரை நிறுத்தாமல் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.