துவைத்த துணிக்கு ஒரு வரிசை

மாணவர் மனநல ஆலோசனைக்கு அந்த அறையைக் கேட்டு வாங்கியவரே உளவியல் பேராசிரியைதான். உதவித்தொகைப் பிரிவுக்கு அடுத்த கதவு. குடும்பத்திலேயே முதல்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் எப்படியும் அங்கே வருவார்கள், அப்படியே இங்கேயும் தலையைக் காட்டுவார்கள் என்று பதிவாளரிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டினார். அறை கிடைத்தது. ஒரு பருவம் முழுக்க ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் ஆலோசனையையே மூடிவிடுவதாகப் பதிவாளர் சொல்லிவிட்டார்.

காரணத்தைப் போட்டுடைத்தவள் விடுதி மாணவி ஒருத்தி. ஒல்லியாக இருப்பதால் ஊசி என்று பெயர்.

"அந்த ரூம் வாசல் பெஞ்சுல உக்காந்தா உதவித்தொகை கிளார்க் பாப்பாரு மேடம். மனசு சரியில்லாத புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு எழுதிட்டா? எங்கப்பாவுக்கு யார் பதில் சொல்றது?"

பேராசிரியை தலையில் அடித்துக்கொள்ளவில்லை. நீங்களெல்லாம் எங்கே சும்மா உட்கார்ந்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். எல்லா விடுதிக்கும் பொதுவான சலவை அறையில் என்றாள் ஊசி. இயந்திரம் சுற்றி முடிய முக்கால் மணி நேரம். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அன்று மாலையே, சலவை அறையை ஒட்டிய இஸ்திரி அறையில் இரண்டு நாற்காலி போட்டாயிற்று. கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வந்தது.

மூன்றாம் வாரம், வந்தவர்களின் பெயர்ப்பட்டியலைப் பதிவாளர் கேட்டார். தரமாட்டேன் என்றார் பேராசிரியை. பெயரில்லாமல் எதை நம்புவது என்று அவர் குரலை உயர்த்தியும் இவர் அசையவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் நீங்களே வாங்க சார். கையில துணி இருக்கட்டும். வெறுங்கையோட வந்தா புள்ளைங்க கலைஞ்சிடும்."

பதிவாளர் ஒரு படுக்கை விரிப்போடு வந்தார். பெஞ்சில் இடமில்லை. அவர் யாரென்று தெரியாத ஊசி, கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். எதிரே இரண்டு இயந்திரங்கள் காலியாக நின்றன. துவைக்காமல் ஏன் காத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"இது நேத்தே துவைச்ச துணி சார்." அவள் இஸ்திரி அறைக் கதவைக் காட்டினாள். "எனக்கு முன்னாடி நாலு பேர். உள்ள பேசினா வெளிய ஒரு வார்த்தை வராது, பயப்படாதீங்க. வேணும்னா என் முறையை நீங்க எடுத்துக்கங்க. பாத்தா என்னைவிட மோசமா இருக்கீங்க."

அவள் பெயரைக் கேட்க வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். விரிப்பை இயந்திரத்தில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் உத்தரவு வந்தது. ஆலோசனை இஸ்திரி அறையிலேயே தொடரலாம், பெயர்ப்பட்டியல் தேவையில்லை. பேராசிரியை படித்துவிட்டு, பெஞ்ச் போதவில்லை, இன்னொன்று வேண்டும் என்று அதன் அடியிலேயே எழுதி, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினார்.