உலக்கை விழுந்த சத்தம்

கனகாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நிறைமாசக்காரியை உள்ளறையில் தள்ளி வெளியே நாதாங்கி போட்டால் யாருக்குத்தான் வராது? அறுபத்து நாலாம் வருஷம், ஆனி மாசம், விடிகாலைச் சந்திர கிரகணம். பிள்ளைத்தாய்ச்சி பார்த்தால் பிள்ளை மூளியாகிவிடும் என்று மாமியார் அருக்காணி ஜன்னலுக்குக்கூடச் சாக்கு கட்டிவிட்டாள். போதாததற்கு ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்திவிட்டுப் போனாள். கிரகணம் இருக்கிறவரைக்கும் உலக்கை நிற்குமாம், விட்டதும் தானே விழுமாம். கூடத்தில் வைத்தால் கோழி தட்டிவிடுமாம், அதனால் அறைக்குள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சேலை நனைந்ததும் கதவை இடித்தாள்.

"அத்தே, பன்னீர்க்குடம் ஒடஞ்சிடுச்சு! தொறங்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

"உலக்க வுழுந்துச்சா?"

"இல்ல."

"அப்ப பல்லக் கடிச்சிக்கிட்டு இரு."

"ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!"

வெளியே புருஷன் பழமலை கனைத்தான். "கொஞ்ச நேரந்தான் கனகா. வண்டி தயாரா நிக்குது."

கொஞ்ச நேரம்! போன பிரசவத்திலும் இதே வாய் இதையேதான் சொன்னது. ராகுகாலம் கழியட்டும் என்று உட்காரவைத்தார்கள். ஆண்பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது, அழவே இல்லை. அப்புறம், இவள் ராசி அப்படி என்று அவள் தலையிலேயே கட்டினார்கள்.

சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். மேற்கே பீங்கான் சூளைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் நிலா. ஓர் ஓரம் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் துருப்பிடித்த நிறம். கண் கொட்டாமல் வீம்புக்குப் பார்த்தாள். கிரகணம் விடாமலேயே அது கீழே இறங்கிப் போனது. கிழக்கே பளபளவென்று விடிந்துவிட்டது.

"அத்தே, நெலாவே போயிடுச்சு! இன்னும் என்ன கெரகணம்?"

"மறைஞ்சா வுட்டுட்டதா அர்த்தமா? உலக்க சொல்லும்டி!"

உலக்கையைப் பார்த்தாள். போன மாசம்தான் புதுப் பூண் போட்டது, அடி தட்டை. அது இன்றைக்கு விழாது, ஆடி அமாவாசைக்கும் விழாது. இந்தக் கட்டைக்கு இன்னொரு பிள்ளையைக் காவு கொடுப்பதா? தொட்டால் தோஷம் வந்துவிடுமோ என்று ஒரு கணம் தயங்கினாள். அதற்குள் அடுத்த வலி இடுப்பை முறித்தது.

"ஒங்க தோஷத்துல கொள்ளிய வைக்க!"

ஓங்கி ஓர் உதை விட்டாள். உலக்கை சாய்ந்து, தாம்பாளம் ணங்கென்று உருண்டது.

"வுழுந்துடுச்சுடா! கெரகணம் வுட்டுடுச்சு! வண்டியக் கெளப்பு!" என்று அருக்காணி கூவினாள். நாதாங்கி திறந்தது.

உச்சிப்பொழுதுக்குள் பெண்பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியே அதிர அழுதது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அருக்காணிக்கு ஒரே பீற்றல். "உலக்க வுழற வரைக்கும் புடிச்சி வச்சேன்ல, அதான் மூளியில்லாம முழுசா வந்திருக்குது."

கனகா போர்வையை விலக்கிக் காலை நீட்டினாள். பெருவிரல் நகம் பெயர்ந்து கறுத்திருந்தது.

"அது வுழல அத்தே, நான் ஒதச்சேன். போன தடவயே ஒதச்சிருந்தா இதுக்கு ஒரு அண்ணன் இருந்திருப்பான்."