சீலிங்கில் ஒரு தொப்பை

இங்கிலாந்தின் ராதர்ஹாம் ஊரில், சுவரும் சீலிங்கும் பூசும் பூச்சுக்காரர் டெஸ்மண்ட் ஒரு வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டால் அங்கே கல்யாணக் களை வந்துவிடும். வந்த வேகத்தில் திரும்பிப் போனாலோ, இழவுக் களைதான். அடுத்த தெரு டீச்சரம்மா வீட்டுச் சீலிங்கில் ஒரே ஒரு திருகாணித் தலை துருத்திக்கொண்டிருந்ததாம். மனிதர் வாளியைக்கூட வண்டியிலிருந்து இறக்கவில்லை. பாவம், அந்த அம்மா இன்னும் மொட்டைச் சீலிங்கைப் பார்த்தபடிதான் படுத்திருக்கிறாள்.

அந்தக் கதை லயனலுக்கும் தெரியும். படுக்கையறைச் சீலிங் பெயர்ந்து விழுந்ததிலிருந்து அவனுக்கும் மனைவி ப்ரெண்டாவுக்கும் கூடத்து சோபாவில்தான் தூக்கம். அவள் முதுகு வில்லாக வளைந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை டெஸ்மண்ட் பூசாமல் போனால், இனி கிறிஸ்துமஸ் கழிந்துதான் வருவார்.

புது ஜிப்சம் பலகைகளை மைத்துனன் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பூச்சுக்குத் தயார்செய்வது லயனல் பொறுப்பு. டெஸ்மண்ட் போனிலேயே பாடம் நடத்தியிருந்தார். திருகாணிகள் காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக உள்ளே அமுங்க வேண்டும். இடுக்குகளில் பட்டி வைக்க வேண்டும். இணைப்புகள் மேல் வலை டேப் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். தூசி அறவே ஆகாது.

வெள்ளிக்கிழமை முழுக்க லயனல் சாரப்பலகை மேல் கழுத்தொடிய நின்றான். டேப் சீலிங்கில் ஒட்டியதைவிட அவன் காதிலும் பூனை வாலிலும் ஒட்டியதுதான் அதிகம். அமுங்காத திருகாணிகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தவனுக்குக் கடுப்பு ஏறியது. கறுப்பு மார்க்கரை எடுத்தான். ஒரு வட்டம் பெரிதாகித் தொப்பையானது. தொப்பைக்கு மேல் கடுகளவு தலை, கையில் சாந்துப் பலகை. கீழே, 'மகாராஜா டெஸ்மண்ட் எழுந்தருளுகிறார்.' பூச்சுக்கு முன்னால் பேரோ பொம்மையோ கிறுக்கி வைப்பது அந்த ஊரில் எல்லாரும் செய்வதுதான். பூசிவிட்டால் வீடு இடியும்வரை யார் கண்ணிலும் படாது.

டீ கொண்டுவந்த ப்ரெண்டா பார்த்துவிட்டு, டீ சிந்தச் சிந்தச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"லயனல், இதைப் பூசப்போறது யாரு?"

"டெஸ்மண்ட்."

"அவருக்குக் கண்ணு இருக்குல்ல?"

லயனல் பலகையிலிருந்து மெதுவாக இறங்கி உட்கார்ந்தான்.

ஸ்பிரிட் வைத்துத் துடைத்தார்கள்; தொப்பை இன்னும் அகலமானது. உப்புத்தாள் போட்டால் காகிதம் பிய்ந்து, அதற்கும் திட்டு விழும். கடைசியில் குறுக்கும் நெடுக்குமாக டேப்பை ஒட்டினார்கள். அதுவோ வலை டேப். மகாராஜா இப்போது ஜெயில் கம்பிக்குப் பின்னால் நின்றார்.

மறுநாள் டெஸ்மண்ட் வந்தார். இணைப்புகளை விரலால் தடவினார். திருகாணிகள் மேல் கரண்டியை இழுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தலை நீட்டியிருந்தால் 'டிக்' என்னும்; ஒரு சத்தமும் இல்லை. தொப்பைக்கு அடியில் வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை. ப்ரெண்டா சுவரை ஆராய்ந்தாள். லயனல் பூனையைத் தூக்கிக் கொஞ்சினான்.

"இங்க மட்டும் டேப்பு ஏன் இவ்வளவு?"

"பலத்துக்கு," என்றான் லயனல்.

டெஸ்மண்ட் டேப்பை உரித்தார். வரைந்தது யார் என்று கேட்டார். மைத்துனன் என்று தொடங்கிய லயனல், ப்ரெண்டா முறைத்ததும் தானேதான் என்று ஒப்புக்கொண்டான்.

"மார்க்கர் மை பூச்சுல ஊறி வெளிய வந்துரும், தம்பி. இந்தத் துண்டை அறுத்தாகணும்," என்றார் டெஸ்மண்ட், சிரிப்பின் சுவடே இல்லாமல்.

அறுத்தார். அறுத்த துண்டைக் குப்பையில் போடவில்லை. கம்பளியில் சுற்றி, வண்டியின் முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் மாட்டிவிட்டு வந்தார்.

"எங்க வீட்டம்மா ரொம்ப நாளா ஒரு போட்டோ எடுத்துக்கோன்னு நச்சரிக்கறா. சாயல் அப்படியே இருக்கு."

அப்புறம் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். லயனல் ஓட்டைக்குச் சட்டம் அடித்து, புதுத்துண்டு மாட்டி, திருகாணி அமுக்கி, நாலு பக்கமும் பட்டியும் டேப்பும் வைத்தான். டெஸ்மண்ட் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே, அந்த ஸ்க்ரூ எட்டிப் பார்க்கிறது, இந்த டேப் கோணிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும், சாந்து குழைக்கத் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார்.

லயனல் வாளியோடு திரும்பியபோது, ப்ரெண்டா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். டெஸ்மண்ட் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டிருந்தார். பழைய துணியொன்றை ஒட்டிப் புதுத்துண்டை முழுக்க மறைத்திருந்தார்கள். பூசத் தொடங்கும்போது லயனலை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"பென்சில் ஊறாது, தம்பி. பயப்படாத," என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

இப்போது சீலிங் பளிங்கு மாதிரி இருக்கிறது. ப்ரெண்டா முதுகை நீட்டிப் படுக்கிறாள். படுத்ததும் மேலே ஒரே இடத்தைப் பார்க்கிறாள், சிரிப்பில் கட்டில் குலுங்குகிறது.

"என் படத்துல பெருசு மூக்கா, காதா, அதையாவது சொல்லேன்," என்று கெஞ்சுகிறான் லயனல்.

"ரெண்டும் இல்ல. தூங்கு."